தளபதியின் வாள்கை

என் வீட்டுக்காரரிடம் இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: "நாளைக்கு." வலக்கையையும் பேச்சையும் ஒரே காலையில் வாரிக்கொண்டு போன பக்கவாதம், இதை மட்டும் ஏனோ விட்டுவைத்தது. பசித்தாலும் நாளைக்கு, ஃபேனைப் போடச் சொன்னாலும் நாளைக்கு. சாப்பிட்டதும் கொடுக்கும் வெள்ளை மாத்திரையை இடக்கையால் தள்ளிவிட்டு அதையே சொல்வார். "நாளைக்கெல்லாம் கிடையாது, இன்னைக்கே முழுங்குங்க" என்று தாடையைப் பிடித்துப் போட்டுவிடுவேன். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்த மனுஷனுக்குப் பிடிவாதத்தில் குறைச்சலே இல்லை.

அலமாரியில் அவர் அடுக்கி வைத்திருப்பதைப் பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நான் பொம்மை என்றுதான் சொல்வேன். கட்டைவிரல் உயரத்தில் உலோகச் சிப்பாய்கள். அட்டையில் மலையும் ஆறும் செய்து, அளவுநாடா பிடித்து, பகடை உருட்டி, நரைத்த ஆண்கள் மேஜைமேல் போர் நடத்துவார்கள். அதிலும் இவருக்குப் பழசுதான் வேண்டும். யாரோ கழித்துப் போட்டதை வாங்கி ஜாடியில் ஊறவைத்து, என் பல் பிரஷ்ஷால் பழைய பெயிண்டைத் தேய்த்தெடுப்பார். ஒருவன் தலையை அறுத்து இன்னொருவன் கழுத்தில் பொருத்துவார். பிறகு கறுப்பு அடித்து, அதன்மேல் மெல்லிசாக வண்ணம் ஏற்றுவார். கண்ணுக்கு வெள்ளை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். கூடவே நானும் பிடித்துக்கொள்வேன், ஏனென்று கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அலமாரிப் பக்கமே அவர் திரும்பவில்லை. அப்புறம் ஒரு நாள் தானாகவே போய்த் தன் தளபதியை எடுத்துவந்தார். அவருடைய முதல் பொம்மை அது. அதன் வலக்கையில் வாள். அந்தக் கையைக் காட்டினார், தன் செத்த கையைக் காட்டினார், பிறகு தன் இடக்கையை உயர்த்திக் காட்டினார். வாளை இடக்கைக்கு மாற்றவேண்டும் என்கிறார் என்று புரிய எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு ஆயிற்று. புரிந்ததும் அழுதுவிட்டேன். அவரோடு விளையாடும் தபால்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இடக்கைத் தளபதியோடுதான் இவர் உட்காருவார்.

என் தம்பியைக் கூப்பிட்டேன். டிவி, ரேடியோ பழுது பார்க்கிறவன். நுணுக்க வேலைக்கு அவனை விட்டால் யார்?

தளபதியின் இரண்டு கைகளையும் பொடி ரம்பத்தால் சுத்தமாக அறுத்தான். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடுகளவு துளை போடும் கைத்துரப்பணத்தையும் ஒரு துண்டுக் கம்பியையும் பசையையும் அவன் முன்னால் தள்ளினார். துளையில் கம்பியைச் செருகி ஒட்டச் சொல்கிறார்.

"மாமா, பசையெல்லாம் ரெண்டு நாள்ல விட்டுப்போகும். பத்தவச்சுட்டா சாகிற வரைக்கும் அசையாது" என்று தம்பி தன் பெட்டியைத் திறந்து, டிவிக்குள் கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை எடுத்தான்.

"நாளைக்கு" என்றார் இவர்.

"எதுக்கு நாளைக்கு? இப்பவே முடிச்சுடறேன்."

மூவரும் சிரித்தோம் என்றுதான் நினைத்தேன். கோல் புகைய ஆரம்பித்தது. தம்பி வாள்கையை இடது தோளில் வைத்துக் கோலைக் கிட்டே கொண்டுபோனான். "நாளைக்கு! நாளைக்கு!" என்று இவர் கத்தினார். நாற்காலி கிறீச்சிட எழப்பார்த்து, இடக்கையைக் கோலை நோக்கி நீட்டினார்.

"அக்கா, கையைப் பிடி! சுட்டுடும்!"

பிடித்தேன். இருக்கிற ஒரு கையையும் பொசுக்கிக்கொள்வாரோ என்ற பயத்தில் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். அவர் திமிறினார். எனக்குத்தான் பலம் அதிகமாக இருந்தது.

தோள் பளபளத்தது. அடுத்த நொடி தோள், கழுத்து, முகம் எல்லாம் ஒன்றாகி மார்பில் வழிந்தது. தம்பி கோலைப் பின்னுக்கு இழுத்தபோது மேஜையில் இரண்டு கால்களும் வெள்ளி நிறத்தில் ஒரு கட்டியும் நின்றன.

"ஐயோ, பழசு... இதுவே ஈயம்க்கா" என்றான் தம்பி. "நான் உருக்கிப் பத்தவைக்கிற அதே ஈயம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அந்த ஒரே வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் விடவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். விட்டேன். மணிக்கட்டில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். இவர் அந்தக் கையை நீட்டி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கால்களை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் தளபதியின் இடத்தில் வைத்தார். தபால்காரருக்கு நான்தான் போன் செய்து வரவேண்டாம் என்றேன்.

சாப்பிட்டு முடித்தார். வெள்ளை மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுபோனேன். வழக்கம்போல இடக்கையால் தள்ளினார்.

"நாளைக்கு."

தாடையைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றேன்.

"என்னங்க, இது உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?"

என் கண்ணையே பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்கு."