ஜீப்புக்கு ஒரு போஸ்டர்

காலையில் எழுந்து பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர் காபி போதும் என்பதால் மீதிப் பாலை மூடி வைத்தேன். குளித்துவிட்டு வெள்ளிமலை ஆபீசுக்குப் போனேன். மலையிலிருந்து நோயாளிகளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இலவசமாக இறக்கும் ஜீப்பை எங்கள் டிரஸ்ட் ஓட்டுகிறது.

மேசையில் நன்கொடை கேட்கும் புதுப் போஸ்டர் கிடந்தது. அதில் என் மனைவி செந்தமிழ்ச்செல்வி காய்ச்சலோடு ஜீப்பில் படுத்திருந்தாள். ஜீப்பில் ஏறும் எல்லோரையும் நன்கொடையாளருக்காகப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். அன்று நான் பக்கத்தில் இருக்கும்போதே செயலாளர் கண்ணாயிரம் அவளையும் எடுத்தார். ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள்.

படத்தின் கீழே, "ஜீப்பை நிறுத்திவிடாதீர்கள்: செல்வியின் கடைசி வார்த்தை" என்று அச்சிட்டிருந்தார்கள்.

"அவ இப்டி சொல்லலயே சார்," என்றேன் கண்ணாயிரத்திடம்.

"அதனால இன்னாப்பா, வெற்றி? பணம் குடுக்கிற துபாய்க்காரர் படிச்சிட்டு அழுதுகினே பேசினாரு. நீயும் ஒரு வார்த்த சொன்னா டீசலுக்குக் கவலயில்ல. இல்லன்னா வர்ற மாசம் ஜீப்பு நின்னுடும். இன்னொரு பொண்ணு சாவட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டு, செல்போனை என் கையில் திணித்தார்.

"தம்பி, உங்க வொய்ஃப் கடைசியா என்ன சொன்னாங்க?"

கண்ணாயிரம் நான் பார்த்துப் படிக்கும்படி போஸ்டரைத் தூக்கிப் பிடித்தார். படத்தில் செல்வியின் முடி முகமெல்லாம் கலைந்து கிடந்தது.

"இதோ நிக்கிற எங்க சாரப் பாத்துதான் சொன்னா," என்றேன். "'போட்டோ எடுக்காதீங்க சார், தல கூட வாரல.'"