குப்பையில் விழுந்த எச்சரிக்கை

மும்பை வியாபாரி அனுப்பியதாகச் சொன்ன ஆர்டரைக் காணோம். ஒருவேளை ஸ்பேமில் விழுந்திருக்குமோ என்று, பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசில் இருந்த அருணாதேவி அந்தக் குப்பை மெயில் பெட்டியைத் திறந்தாள். லாட்டரிப் பரிசு, உடனடிக் கடன், கணக்கு முடக்கம் என்று இருநூறுக்கு மேல் கிடந்தன. நடுவில் ஒன்று அவள் கையை நிறுத்தியது.

'அவசரம். லாட் 318. டின்களைத் திறக்க வேண்டாம்.'

முந்தின நாள் மாலை நாலரைக்கு வந்த மெயில். அலுமினியப் பவுடர் அனுப்பும் கம்பெனியின் பெயர் இருந்தது. மெயில் முகவரி மட்டும் புதிது. தங்கள் குடோனுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து அந்த லாட் சரக்கில் ஈரம் ஏறிவிட்டது, வெடிமருந்தோடு கலந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

போன மாதம் இதே போல் 'அவசரம்' என்று வந்த போலி மெயிலை நம்பி, அவள் ஆபீஸ் மெயிலின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். முதலாளி சீனிவாசகம் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதன் பிறகு, அந்தச் சொல் தலைப்பில் இருந்தால் நேராகக் குப்பைக்குப் போகும்படி பில்டர் போட்டவள் அவள்தான்.

மெயிலின் அடியில் இருந்த போன் நம்பரை அவள் தொடவில்லை. அந்தக் கம்பெனியின் பழைய பில்லை எடுத்து அதிலிருந்த நம்பருக்கு அடித்தாள். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. மதுரையில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டாள்.

"ஸ்பேம்ல கெடந்ததை நம்பி சீசன்ல வேலையை நிப்பாட்டச் சொல்லுதியா? போன தடவை பட்டது போதாதா?"

"இல்லீங்க அண்ணாச்சி, ஒரு வாட்டி விசாரிச்சுட்டு..."

"அவுகளே போன் பண்ணுவாக. நீ மத்த வேலையைப் பாரு." வைத்துவிட்டார்.

அவள் மெயிலை மறுபடி படித்தாள். போலி மெயில் ஏதாவது ஒன்றைக் கேட்கும். பாஸ்வேர்டு கேட்கும், இங்கே அழுத்து என்னும். இது எதையும் கேட்கவில்லை. சரக்கு வரவுப் பதிவேட்டைப் புரட்டினாள். திங்கட்கிழமை வந்து இறங்கியது லாட் 318, இருபது டின். அந்த நம்பர் வெளியாளுக்கு எப்படித் தெரியும்?

பட்டாசு செய்யும் ஆலைக்குள் செல்போன் கூடாது. எல்லார் போனும் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். வாட்ச்மேன் அறை டெலிபோன் போன மழையில் செத்துப்போனது. அருணாதேவி ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

வெம்பக்கோட்டை ரோட்டில் பதினாலு கிலோமீட்டர். லோடு லாரிகளை முந்தும்போதெல்லாம், மெயில் பொய்யாக இருந்தால் வேலை போய்விடும் என்று நினைத்தாள். பொய்யாகவே இருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

போர்மேன் ராஜபாண்டியன் வாசலுக்கு வந்து அவள் சொன்னதைக் கேட்டார். "காலையிலேயே ரெண்டு டின்னு ஒடைச்சாச்சே. மூணாம் நம்பர் ரூம்ல கலந்து வச்சிருக்கு. அண்ணாச்சி என்ன சொன்னாக?"

"நிப்பாட்ட வேண்டாம்னுதான் சொன்னாக. நானா வந்தேன். ஒரு தடவை பாத்துருங்கண்ணே."

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அறை வாசலில் குருவம்மாள் சல்லடையும் கையுமாக நிமிர்ந்தாள். உள்ளே இன்னும் இரண்டு பெண்கள்.

"என்னண்ணே, இன்னைக்கு மருந்து கதகதன்னு இருக்கு. வெயில்னாலயா?"

ராஜபாண்டியனின் முகம் மாறியது. குரல் மட்டும் தணிந்தே வந்தது. "சல்லடையை அங்கனயே மெதுவா வையி. எதையும் தொடாம மூணு பேரும் வெளிய வாங்க. ஓடாதீக."

அவர்கள் வந்தார்கள். அவர் ஒவ்வொரு அறையாகப் போய் ஆட்களைக் கிளப்பினார். வேலிக்கு அப்பால், கருவேலங்காட்டு ஓரத்தில் எல்லாரையும் நிறுத்தி எண்ணினார். அன்று வேலைக்கு வந்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர். அறுபது பேர்தான் இருந்தார்கள். மறுபடி எண்ணினார்.

"மாரிக்கண்ணன் எங்கலே?"

யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பிப் போக இரண்டு எட்டு வைத்தபோது, தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே மாரிக்கண்ணன் வந்தான். ராஜபாண்டியன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். அருணாதேவி யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். அப்போது மூணாம் நம்பர் அறையின் ஜன்னலில் வெள்ளைப் புகை வந்தது. அடுத்த நொடி கூரை மேலே போனது. எல்லாரும் தரையோடு படுத்தார்கள். காற்றில் மண்ணும் கந்தகமும் நிறைந்தன.

ஒருவருக்கும் காயமில்லை. குருவம்மாள் மட்டும் எழுந்து நிற்கவே இல்லை. உட்கார்ந்தபடி தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அருணாதேவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தீயணைப்பு வண்டிகள் வந்து தீயை அணைத்து முடித்தபோது மதுரையிலிருந்து சீனிவாசகத்தின் கார் வந்தது. இடிந்த சுவரைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். பிறகு அவளிடம் வந்தார்.

"நான் சொன்னதைக் கேட்டிருந்தீன்னா..." அவர் கண் குருவம்மாளிடம் போய் நின்றது.

"மெயில் நேத்தே வந்துருச்சு அண்ணாச்சி," என்றாள் அருணாதேவி. "நான் போட்ட பில்டர்தான் அதைக் குப்பையில தள்ளிருச்சு. ஆபீசர்மாரு கேட்டா அதையும் சொல்லிருதேன்."

"சொல்லு. நான் போன்ல சொன்னதையும் சேத்துச் சொல்லு," என்றார் அவர். பிறகு அந்த மூன்று பெண்களையும் வீட்டில் கொண்டுபோய் விடும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு வெயிலிலேயே நின்றார்.