எண்ணெய்க் கையோடு ஒரு செயல்விளக்கம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். சொன்னவர், தேய்த்துவிட்ட சங்கரபாண்டி. முதுகு அவர் பிடியில் இருந்ததால் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

முதல் தொடக்கம்: ‘நானோ யுகத்தின் விடியலில், தென்காசியின் ஒரு மாபெரும் ஆய்வகத்தில்...’

(அடித்துவிட்டேன். உடைந்த பெஞ்சுகளை வெளியேற்றிவிட்டு இசக்கிசெல்விக்குக் கொடுத்த அறை அது.)

2

இசக்கிசெல்வி கல்லூரியில் வேதியியல் ஆய்வு மாணவி. ஒரு ஸ்பாஞ்சுத் துண்டில் கரி நானோகுழாய்களைப் பூசியிருந்தாள். [தலைமுடி ஒன்றைப் பல்லாயிரமாகக் கிழித்தால் அந்தப் பருமன் வரும்.] தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டோடும். ஆய்வை மதிப்பிட வரும் குழு முன்னால் ஸ்பாஞ்சு நனைந்துவிட்டால் பெஞ்சுகள் அறைக்குத் திரும்பும். அவளுடைய மூன்று வருட உழைப்பு வெளியேறும்.

“அறையிலேயே காட்டிருவோம் சார்.”

“குற்றாலத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு குழாயடியிலயா காட்டுவாக?” என்றார் கல்லூரி முதல்வர் முத்துக்குமாரசாமி. ‘நீரை வென்றோம்’ என்று பதாகையும் அடித்தாயிற்று.

3

(இந்த முதல்வரை நம்ப எனக்கே தயக்கம். ஆனால் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போக எந்த ஊர்க்காரருக்கு மனசு வரும்?)

வந்ததுதான் வந்தோம் என்று சங்கரபாண்டியிடம் உச்சி முதல் விரல்நுனி வரை தேய்த்துக்கொண்ட முதல்வர், குழுவின் கண்முன்னே அருவித் தண்ணீர் நிரம்பிய பேசினுக்குள் இரண்டு கையாலும் ஸ்பாஞ்சை அமுக்கினார். எடுத்தபோது கனத்துச் சொட்டியது.

“என்னம்மா, நனைஞ்சிட்டுல்லா!”

இசக்கிசெல்வியின் கண்முன்னே... (பெஞ்சுகள் வரிசையாக அறைக்குத் திரும்பின என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பேசினைப் பார்த்தாள். அத்தனை எண்ணெய்க் கை முங்கியும் தண்ணீர்மேல் ஒரு பொட்டுப் படலம் இல்லை. ஸ்பாஞ்சை வாங்கி, பக்கத்தில் நின்ற சங்கரபாண்டியின் உள்ளங்கையில் பிழிந்தாள்.

அவர் மோந்து பார்த்தார். “அசல் நல்லெண்ணெய்லா இது! தண்ணி ஒரு சொட்டு இல்ல. சார் தலைக்கே மறுபடி தேய்ச்சுரலாம்.”

தேய்த்தும் விட்டாராம்.*

“தண்ணியத் தள்ளிட்டு எண்ணெய மட்டும் குடிச்சிருக்கு மேடம்” என்றாள் இசக்கிசெல்வி.

“கப்பல் கவுந்து கடல்ல எண்ணெய் மிதந்தா அள்ளுததுக்கு இதுதானே வேணும்!” என்றார் குழுத்தலைவி முஹ்ஸினா.

இசக்கிசெல்வி அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

* சங்கரபாண்டி சொல்லும் எல்லாக் கதையையும் சங்கரபாண்டியே காப்பாற்றுவார். கழித்துக்கொள்ளவும்.

4

முடிவு ஒன்று: “அதுக்காகத்தானே எண்ணெய் தேய்ச்சுட்டு வந்தேன்” என்று முதல்வர் மைக்கைப் பிடிக்கிறார்.

முடிவு இரண்டு: மைக்கை இசக்கிசெல்வி வாங்கி...

“இதுல எது நடந்துச்சு?” என்று கேட்டேன்.

“பெஞ்சு எதுவும் அறைக்குத் திரும்பல. பிள்ளை இன்னும் அங்கனதான் வேலை பாக்குது. அது போதாதா? திரும்பிப் படுங்க அண்ணாச்சி.”

திரும்பிப் படுத்தேன். மைக்கை யார் கையில் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்குப் பேனா வழுக்குகிறது.