ஓய்வுநாள் நிழலின் தோள் அளவு

பூட்டு ரிப்பேர்காரர் ஊழியத்துக்காகக் காட்டுக்குப் போன மூன்றாவது வெள்ளிக்கிழமை, சூரியன் மறைந்து நான்கு நிமிடம் கழித்து, அவருடைய நிழல் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தையல் மெஷினுக்கு எதிர்ச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நின்றது. விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது நகரவில்லை. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவருடைய மனைவிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது; பதினாறு வருடமாக அந்தத் தோளுக்குச் சட்டை வெட்டுகிற தையல்காரி அவள். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் நிழல் போய்விட்டது. ஓய்வுநாளை வீட்டில்தான் ஆசரிப்பேன் என்று எப்போதும் அடம்பிடித்த மனிதர் என்பதால் சபையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை எந்தத் தொழிலும் செய்யாமல் ஓய்வுநாள் ஆசரித்து, ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்கிற சபை அது. போதகர்கள் எட்டிப்பார்க்காத காட்டு ஊர்களுக்குச் சாதாரண விசுவாசிகளை அனுப்ப, ஆற்றங்கரையில் ஒரு பழைய மரக்கிடங்கில் பயிற்சிப் பள்ளி நடத்தினார்கள். மூன்றே மாதம். கொத்தனார், கண்டக்டர், பேக்கரிக்காரர் என்று யார் வந்தாலும் பல் பிடுங்கவும், வயிற்றுப்போக்குக்குக் கரித்தூள் கரைத்துக் கொடுக்கவும், காய்ச்சலுக்கு வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுக்கவும், படச்சுருளை விரித்து வேதபாடம் சொல்லவும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பூட்டு திறந்து பழகிய கைக்குப் பல் ஒரு பொருட்டே இல்லை. கடைசி வாரம், தின்னக்கூடியவை தின்னக்கூடாதவை என்று அச்சடித்த பட்டியல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பன்றி கூடாது, குரங்கு கூடாது, செதில் இல்லாத மீன் கூடாது. இரண்டு இரண்டு பேராக அனுப்புவதுதான் வழக்கம். ஜோடியாகப் போக வேண்டிய பேக்கரிக்காரர் படகைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டதால் இவர் தனியாகப் போனார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறேன்" என்று படகிலிருந்து விளையாட்டாகச் சொன்னார். "ஆமா, றெக்கை கட்டிக்கிட்டு வாங்க" என்றாள் அவள். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் அவள் தைத்ததுதான். காட்டுக்குப் போகிற எல்லோருக்கும் சட்டை தைப்பது அவள்தான்.

எட்டாவது வாரம் நிழலின் கழுத்து மெலிந்திருந்தது. பத்தாவது வாரம் கைகள் குச்சியாகிவிட்டன. அவள் பள்ளி இயக்குநரைக் கூப்பிட்டு வந்து காட்டினாள். அவர் சுவருக்கு முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, "நிழல் வருதுன்னா ஆள் உயிரோட இருக்காருன்னுதானேம்மா அர்த்தம்? அப்புறம் ஏன் கவலைப்படறீங்க?" என்றார். மேலே போகிற படகு வருடத்துக்கு ஒன்று. இடையில் அனுப்பக் கமிட்டி கூடிக் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். அது இல்லாமல் படகுக்காரர் கயிற்றை அவிழ்க்க மாட்டார். கமிட்டி ஓய்வுநாளில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் வந்து வெறும் சுவரைப் பார்த்தார்கள். "எங்கம்மா இருக்கு?" என்றார் இயக்குநர், முந்தின நாள் அதே சுவருக்குப் பாட்டுப் பாடியவர். ஓய்வுநாளில் கண்டதை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற முடியாது என்று விளக்கமும் சொன்னார். கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான்கு ஞாயிறு இப்படியே போயிற்று.

அதற்கடுத்த வாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து நிழலைச் சுற்றி வரைந்தாள். அடுத்த சனிக்கிழமை அதற்குள்ளேயே இன்னொரு கோடு விழுந்தது. மூன்று வாரத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஆண்கள் சுவரில் நின்றார்கள். இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தாள். தோள் பதினெட்டிலிருந்து பதினைந்தரைக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த கமிட்டி ஒவ்வொரு கோடாக எண்ணிப் பார்த்தது. ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். இயக்குநர்தான் மெதுவாகக் கேட்டார்: "இதை எப்பம்மா வரைஞ்சீங்க?"

"நேத்து மத்தியானம் ஐயா."

"இது உங்க தொழில் சாமான் தானே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓய்வுநாளில், தொழில் கருவியால், தொழில் செய்திருக்கிறாள். ஆறு வாரம் சபை ஐக்கியத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். கோடுகளை ஈரத்துணியால் அவளையே துடைக்கச் சொன்னார்கள். அவளும் துடைத்தாள். கொடுமை என்னவென்றால், துடைக்கும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கோபம் பிறகு வந்தது, அப்புறம் போகவே இல்லை.

அந்த ஆறு வாரத்தில் நிழல் சுவரில் சாய்ந்தது, உட்கார்ந்தது, தரையோரமாகப் படுத்தது. கடைசி வெள்ளிக்கிழமை வாசலிலிருந்து சுவர் வரை வந்து சேர அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, "எதையாவது சாப்பிடுங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை பொழுது சாய்ந்தது. நிழல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் அங்கேயே கிடந்தது. கமிட்டி வந்தது, குனிந்து பார்த்தது. "ஆமா, ரொம்ப இளைச்சுட்டாரு" என்றார் இயக்குநர். பத்தே நிமிடத்தில் சீட்டு கையெழுத்தாயிற்று.

படகு போக ஒன்பது நாள், வர ஏழு நாள். பல் பிடுங்கும் குறடு, படச்சுருள், நான்காக மடித்த அந்தப் பட்டியல், இவ்வளவுதான் திரும்பி வந்தன. அந்த ஊர்க்காரர்களே அடக்கம் செய்துவிட்டார்களாம். தங்கமான மனிதர், வலிக்காமல் பல் பிடுங்குவார், ஆறு நிறைய மீன் இருந்தும் ஏனோ வாழைக்காயைத் தவிர எதையும் தொடமாட்டார் என்று படகுக்காரரிடம் சொன்னார்களாம். அந்த ஆற்று மீன் ஒன்றுக்கும் செதில் கிடையாது. இன்னொருவரை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

நான்கு பேரை அனுப்ப முடிவாயிற்று. பட்டியலில் மீன் வரியை மட்டும் அடித்துவிடும்படி அவள் இயக்குநரிடம் போய்க் கேட்டாள். அச்சடித்ததை மாற்ற முடியாது என்றார் அவர். சரி என்று வீட்டுக்கு வந்து, சுவரோரம் கிடந்த நிழலின் தோளை இஞ்ச் டேப்பால் அளந்தாள். பதிமூன்று. ஆளுக்கு இரண்டாக எட்டுச் சட்டையையும் அந்த அளவுக்கே வெட்டித் தைத்தாள்.

இயக்குநர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை சட்டை மாதிரி இருக்கு?"

"இப்ப பத்தாதுதான் ஐயா. போகப் போக சரியாயிடும்."

நான்கு பேரும் பொத்தான் போட முடியாமல், சட்டை இரண்டு பக்கமும் பறக்க, படகில் நின்று கையசைத்தார்கள். ஊழியர் வீடுகளில் ஒரு சுவரைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று அந்த வருடமே பயிற்சியில் ஒரு பாடம் சேர்த்தார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை நான்கு வீட்டிலும் நிழல் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நான்கு நிழலுக்கும் சட்டை கச்சிதமாக இருந்தது.