பன்னிரண்டு புள்ளிகள்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். 1998இல், ஆரணியில், மூன்று நகல் எடுத்து, மனுவாக. அப்போது தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தேன். மனுவில் ஓர் இடத்தில் ஒரு பெயர் வரவேண்டும். அங்கே பன்னிரண்டு புள்ளிகள் அடித்தேன். அன்றிலிருந்து அந்தப் புள்ளிகள் உறுத்துகின்றன. பத்து வருடம் ஆகியும் நிற்கவில்லை, அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'தனகோடி இரக்கமற்ற முதலாளி. ஏழைகளின் கிணற்றில்...'

கோடு போட்டு அடித்துவிட்டேன். பொய். தனகோடி பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைக்காரர். அவருடைய அரக்குச் சிவப்புக்காக நெசவாளர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். கூலியாள் காய்ச்சலில் படுத்தால் வீட்டிலிருந்து கஞ்சி அனுப்புவார்.

இரண்டாம் தொடக்கம்: 'மேற்படி பட்டறைகளின் கழிவுநீர் கால்வாய் வழியே கீழ்த்தெருவை அடைந்து...' இது மனு நடை. வேண்டாம்.

மூன்றாவது: காத்தாயி வீட்டில் பருப்பு வேகவில்லை.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

காத்தாயி, தனகோடியின் பட்டறையில் சாயம் ஏறிய பட்டு நூல் கழிகளை, அதாவது நூல் சுருள்களை, அலசுகிறவள். ஒருநாள் அலசிக்கொண்டே சொன்னாள்:

"மொதலாளி, எங்க தெரு கெணத்துத் தண்ணி உப்புக் கரிச்சிகினு இருக்குதுங்க. எம்மாம் நேரம் கொதிச்சாலும் பருப்பு வேவ மாட்டேங்குது. பசங்களுக்கு ஒடம்பெல்லாம் சொறி."

தனகோடிக்குப் பகீரென்றது. அன்றைக்கே வெள்ளைப் பட்டு நூல் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் இருக்கும் கீழ்த்தெருவுக்குப் போனார். கிணற்று நீரில் நனைத்தார், நிழலில் உலர்த்தினார். கழி வெள்ளையாகவே இருந்தது. "பாருங்க, துளி சாயம் இல்ல" என்றார். நிறம் பார்த்தே பிழைத்த கண். நிறம் தெரியவில்லை என்றால் தண்ணீரில் குற்றமில்லை என்று மனதார நம்பினார். உப்புக்கு நிறம் கிடையாது என்பது அந்த நேரம் அவருக்குத் தோன்றவில்லை. நம்பிக்கைக்குச் சாட்சியாக ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

(அவர் அப்பா அந்தத் தெருவுக்குள் கால் வைத்தவரில்லை. மகன் தண்ணீரே வாங்கிக் குடித்துவிட்டார். கதையை இங்கேயே முடித்துவிட எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பருப்பு இன்னும் வேகவில்லையே.)

காத்தாயி சொம்பைத் திரும்ப வாங்கினாள். "வெறுந் தண்ணியில நனைச்சா இன்னாங்க தெரியும்? இத்த ஊத்தி அரக்கு போட்டுப் பாருங்க."

[தனகோடியின் பட்டறைக் கிணற்று நீரில் ஆறு வருடமாகச் சாயம் சரியாகப் பிடிப்பதில்லை. களம்பூர்ச் சாலைப் பக்கமிருந்து டிராக்டரில் நல்ல தண்ணீர் வரவழைக்கிறார். தன் கிணறு ஏன் கெட்டது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. காத்தாயிக்கு இதெல்லாம் தெரியும்.]

4

மறுநாள் விடிந்ததும், கீழ்த்தெருத் தண்ணீரை ஊற்றித் தானே அடுப்பு மூட்டினார். அளவு பிசகவில்லை. பிழிந்து தூக்கிய கழி, அரக்கு செத்துப்போய், பழைய புளி நிறத்தில் தொங்கியது. தன் கிணறு கெட்ட வருடம் பார்த்த அதே நிறம். நேற்றுக் குடித்த சொம்பு ஞாபகம் வந்தது. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மற்றப் பட்டறைக்காரர்களிடம் போனார். எல்லாரும் சேர்ந்து, கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஒரு பொதுத்தொட்டி கட்டலாம் என்றார். இருப்பதில் பெரிய பட்டறை பரசுராமனுடையது. "மொதல்ல நீ கட்டு தனகோடி, அப்பறம் பாக்கலாம்" என்று பரசுராமன் சிரித்தார். தனியாகக் கட்ட இவருக்குச் சக்தியில்லை. பட்டறையை மூடினால் பதினாலு வீட்டில் அடுப்பு எரியாது. அதில் ஒன்று காத்தாயி வீடு.

5

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். ஞாயிறன்று காத்தாயி என் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். தனகோடி வந்தார். அந்தப் புளி நிறக் கழியை என் மேசைமேல் வைத்தார்.

முடிவு அ: "என் பேரப் போடுங்க சார்" என்கிறார். பட்டறை மூடப்படுகிறது. அடுத்த மாதம் காத்தாயி பரசுராமன் பட்டறையில் அலசுகிறாள். கால்வாய் அதேதான்.

முடிவு ஆ: அவர் அழ, அவள் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு... சே, இது சினிமா.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காத்தாயி அந்தக் கழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பேரு வாணாம் சார்" என்றாள். "வேல பூடும்."

'பரவாயில்லை, போடுங்கள்' என்று அவர் சொல்வார் எனக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. புள்ளிகளை அடித்தேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: 'பொறுப்பானவர் பெயர் குறிப்பிடப்படாததால் மேல்நடவடிக்கை இல்லை.' நான்தான் காத்தாயிக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

6

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தனகோடி என்பது அவருடைய நிஜப் பெயரல்ல. பரசுராமனும் அப்படித்தான். மறுபடி உட்கார்ந்து எழுதியும் புள்ளிகளைத்தான் அடித்திருக்கிறேன். காத்தாயி பெயர் மட்டும் நிஜம். இருக்கிற ஒரு வேலையும் போகலாம் என்று பயந்தவள் அவள், மனுவில் இருந்த ஒரே பெயரும் அவளுடையது.

அந்த வருடம் என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவை அவர் பட்டறைச் சாயம். இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது, கொஞ்சமும் மங்கவில்லை.

மனுவின் நகல் ஒன்று மீந்திருக்கிறது. முடிக்க என்னால் ஆகவில்லை. நீங்கள் நிரப்புங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டு பீரோவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

'எங்கள் தெருக் கிணறு கெட்டதற்குப் பொறுப்பானவர்: ............

இப்படிக்கு,
காத்தாயி (இடது பெருவிரல் ரேகை)'