செயின் பக்கம்

நாலாவது படமும் சரிவரவில்லை. சுவிசிலிருந்து மயூரதன் அனுப்பிய குரல்பதிவைக் கதிரவேலு பிரதேச சபை வாசலில் நின்று காதோடு அணைத்துக் கேட்டார்.

"மச்சான், பின்னாலை ஆட்டின்ரை வால் தெரியுது. அது போகட்டும். நீ இடப்பக்கமாய் நிண்டு எடுத்திருக்கிறாய். செயின் இருக்கிற பக்கம்தானடா சைக்கிளின்ரை முகம். முதுகைக் காட்டி ஆரும் படம் எடுப்பினமோ?"

முதல் படத்தில் விளையாட்டுக் கழகத்தின் பெயர்ப்பலகைதான் தெரிந்தது, சைக்கிள் தெரியவில்லை. இரண்டாவதை நின்றபடி எடுத்ததில் சில்லுகள் முட்டை வடிவாகிவிட்டன. மூன்றாவதில் பெடல் நின்ற விதம் பிழையாம். அது எப்படி நிற்க வேண்டும் என்பது இந்தக் குரல்பதிவில் இருந்தது. வலப்பக்கப் பெடல் முன்னுக்கு, நிலத்துக்கு மட்டமாக. செயின் முன்னுக்குப் பெரிய பல்லுச்சில்லிலும் பின்னுக்கு ஆகச் சின்னதிலும் கிடக்க வேண்டும். இரண்டு சில்லிலும் காற்றடிக்கிற வால்வு நேர் கீழே. கமரா சில்லின் அச்சு உயரத்தில். ஸ்டாண்ட் கூடாது, மதில் கூடாது, பிடிக்கிற கை கூடாது.

"அப்ப சைக்கிள் எப்பிடி நிக்கும்? நேர்த்திக்கடனிலையோ?" என்று கதிரவேலு திருப்பி அனுப்பினார்.

கதிரவேலுவுக்கு ஐம்பத்தொரு வயது. சபையில் இலிகிதர். ஊர் விளையாட்டுக் கழகத்துக்குப் பதினொரு வருடமாகச் செயலாளர். வேறு ஒருவரும் பொறுப்பெடுக்க வராததுதான் காரணம். மயூரதன் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இப்போது கழகத்தின் சுவிஸ் கிளைத் தலைவர். ஐம்பதுக்குக் கிட்ட வந்த பிறகு அவனுக்கு றேஸ் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. சனி, ஞாயிறுகளில் மலையேறுகிறான், இறங்குகிறான், படம் போடுகிறான். இரண்டு வருடத்துக்கு முன் கிளை ஊருக்கு அனுப்பிய வெள்ளைச் சைக்கிளும் அந்தப் பைத்தியத்தில் வந்ததுதான்.

ஊரில் அதை ஓடத் தெரிந்த ஒரே ஆள் தர்சினி. இருபத்துநாலு வயது, மருதனார்மடச் சந்தியில் ஒரு பாமசியில் வேலை. விடியற்காலை நாலரைக்குச் சைக்கிளை எடுத்தால் பஸ்கள் கூடுவதற்கு முன் அறுபது கிலோமீற்றர் ஓடி முடித்துவிடுவாள். போன வருடம் மாகாணப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். இந்த வருடம் தேசிய மட்டத்துக்குப் பெயர் போயிருக்கிறது. போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான்.

அவளுக்கு வேண்டியது ரயர். அந்தச் சைக்கிளின் ரயர் சாதாரண ரயர் இல்லை. ரியூப்பை உள்ளே வைத்துத் தைத்து, பசை பூசி ரிம்மில் ஒட்டுகிற சாதி. யாழ்ப்பாணத்தில் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கொழும்பில் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. பின் ரயர் கண்ணாடித் துண்டு ஒன்றில் கிழிபட்டு வாய் பிளந்தபோது, தர்சினி அதைக் கழற்றி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோனாள். அவர் மெழுகு நூலால் பதினாலு தையல் போட்டுக் கொடுத்தார். "தங்கச்சி, செருப்பெண்டால் நான் பொறுப்பு. உதுக்கு நான் பொறுப்பில்லை," என்றும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுவிஸ் கிளையின் பொதுக்கூட்டம். அடுத்து என்ன அனுப்புவது என்று அங்கேதான் கையுயர்த்துவார்கள். அங்கே காட்டத்தான் மயூரதன் சைக்கிளின் படம் கேட்டிருந்தான். அடுத்த வியாழக்கிழமை ஒருவர் அங்கிருந்து ஊருக்கு வெளிக்கிடுகிறார். அனுப்பினால் அவர் கையில்தான் கொடுத்துவிட வேண்டும். கதிரவேலு கடிதத்தில் கழகத்தின் முன்னேற்றம் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி, கடைசி வரியில் 'வசதிப்பட்டால் இரண்டு ரயர்' என்று சேர்த்திருந்தார். கேட்கிற வரி எப்போதும் கடைசியில்தான் வரவேண்டும், அதுவும் வசதிப்பட்டால்தான். பதினொரு வருடமாக அப்படித்தான் எழுதுகிறார்.

பக்கத்து ஊர்க் கழகம் துருப்பிடித்த சைக்கிளின் படத்தை அனுப்பியதையும், 'குடுத்ததைப் பேணத் தெரியாத சனம்' என்று வெளிநாட்டுக் கிளை கைவிட்டதையும் அவர் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிளைத் தன் வீட்டுக்கு எடுப்பித்துக் கழுவினார். கழுவக் கழுவ ரயர்தான் நரைத்துப்போய்த் தெரிந்தது. சப்பாத்துக் கறுப்புப் பொலிஷை எடுத்தார். மனைவி குணலட்சுமி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கடை கலியாணப் படத்துக்கு நீங்கள் போட்டிருந்த சப்பாத்து ஞாபகம் இருக்கோ? அதுக்கு உதிலை ஒரு சொட்டுப் பூசேல்லை."

"அந்தப் படத்தைச் சுவிசுக்கு அனுப்பேல்லைத்தானே."

"ஓமோம். அனுப்பியிருந்தால் எனக்கும் ஏதும் கிடைச்சிருக்கும்."

சனிக்கிழமை வெயில் ஏறுமுன் தொண்டைமானாற்றுக்குப் போனார்கள். இடம் தர்சினி சொன்னது. நீரேரிக் கரையில் பின்னால் ஆடும் இல்லை, மதிலும் இல்லை, தண்ணீரும் வானமும்தான். சைக்கிள் நிற்கிற வழியையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். ஆசனத்தைப் பிடித்து நேராக நிறுத்தி, கையை விட்டுப் பின்னால் பாய்வாள். சைக்கிள் சாய முதல் ஒரு கணம் தனியாக நிற்கும். அந்தக் கணத்தில் கதிரவேலு போன் கமராவை அமத்த வேண்டும். அவள் திரும்பப் பாய்ந்து பிடிப்பாள்.

கதிரவேலு ஈர மண்ணில் குந்தினார். அச்சு உயரம் என்றால் குந்தியும் போதாது, ஒரு முழங்காலை ஊன்ற வேண்டும்.

"விடட்டோ அண்ணை?"

"பொறு பிள்ளை. பெடல் கொஞ்சம் மேலை. ஆ, விடு."

முதல் பத்துப் படங்களில் அவளுடைய கை இருந்தது, அல்லது கால் இருந்தது. ஒன்றில் தலைமயிர் மட்டும் பறந்தது. சந்நிதி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன தம்பி, சைக்கிளுக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ?"

"ஓம் ஐயா. வெளிநாட்டு மாப்பிள்ளை."

"அப்ப இன்னும் கொஞ்சம் பவுடர் போடுங்கோ."

இருபத்துமூன்றாவது தடவை சரியாக வந்தது. போனில் பார்த்தபோது கதிரவேலுவுக்கே நம்ப முடியவில்லை. வெள்ளைச் சட்டகம் தண்ணீரின் வெளிச்சத்தில் மிதந்தது. பெடல் மட்டம், வால்வு இரண்டும் நேர் கீழே. பின் வால்வுக்கு இரண்டு விரல் தள்ளித்தான் அந்தப் பதினாலு தையலும். வால்வைக் கீழே விட்டால் தையலும் கீழே போய் மண்ணோடு பதிந்துவிடுகிறது. குந்தியிருந்தபோதே அதைக் கண்டிருந்தார். காணாத மாதிரி எழும்பினார்.

"தையல் தெரியேல்லையே அண்ணை," என்றாள் தர்சினி.

"கடிதத்திலை எழுதியிருக்குப் பிள்ளை."

அவள் சைக்கிளில் ஏறினாள். பாலத்தடியில் திரும்பும்போது பின்சில்லு வழுக்கியது. காலை ஊன்றி நின்று, ரயரை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. ஊருக்குத் திரும்புகிற பதினைந்து கிலோமீற்றர் தூரமும் சைக்கிளை ஓட்டோவில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். சவர்க்காரத் தூள் போட்டு ரயரை மூன்று தரம் உரஞ்சினாள் என்று கதிரவேலு பிறகு கேள்விப்பட்டார்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது மயூரதன் அழைத்தான். பின்னால் சனம் இரைகிற சத்தம்.

"மச்சான், கலக்கிப்போட்டாய்! பெரிய திரையிலை போட்டனாங்கள். மண்டபம் முழுக்கக் கைதட்டு. ரெண்டு வருசம் ஓடின சைக்கிளெண்டு ஒருத்தரும் நம்பேல்லை."

"ரயர் விசயம்..."

"அதைத்தான் சொல்ல வந்தனான். ரயரைப் பாத்தவுடனை எல்லாரும் சொல்லிட்டினம், உது இன்னும் ஒரு வருசத்துக்குக் காணும் எண்டு. அதாலை ஆண்டு விழாவுக்கு வாசல் வளைவு செய்யிறதெண்டு தீர்மானம். ரயர் அடுத்த முறை. சரிதானே?"

"சரி," என்றார் கதிரவேலு. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை பின்னேரம் தர்சினி சைக்கிளை உருட்டிக்கொண்டு அவர் வீட்டு முற்றத்துக்கு வந்தாள். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

"உந்தத் தையலோடை ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலை ஒரு இறக்கம் இறங்க வேணும், கதிரண்ணை. நான் படத்தை ஓடப்போறேல்லை."

"நான் வேணுமெண்டு செய்யேல்லைப் பிள்ளை."

"தெரியும். அதுதான் கோவமாய் வருகுது. வேணுமெண்டு செய்திருந்தால் பேசிப்போட்டுப் போயிருப்பன்." சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப எடுங்கோ. நான் பிடிக்கிறன்."

பின்சில்லைச் சுற்றித் தையலை மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். பெருவிரலால் அழுத்தியபோது தையல்களுக்கு இடையே வெடிப்பு வாய் திறந்தது, உள்ளே ரியூப் கொப்புளம்போலத் தெரிந்தது. கதிரவேலு இடப்பக்கமாக, நின்றபடி, ஒரே தடவையில் எடுத்தார். பின்னால் கோழிக்கூடு வந்திருந்தது. அவளுடைய நகத்தில் பொலிஷ் கறுப்பு இன்னும் இருந்தது, அதுவும் வந்திருந்தது.

அனுப்புவதற்கு முன் எழுத நினைத்தார். 'அன்பான மயூரதனுக்கு, தவிர்க்கமுடியாத காரணங்களால்' என்று தொடங்கி அழித்தார். படத்தை மட்டும் அனுப்பினார். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"இது எந்தச் சைக்கிள்?"

"அதேதான்."

"விளையாடாதை."

"பொலிஷ் பூசினனான் மச்சான். தையலைக் கீழை விட்டு எடுத்தனான். நீ வால்வைக் கீழை விடச் சொன்னாய், எனக்கு அது வசதியாய்ப் போச்சு."

மறுபக்கத்தில் மயூரதன் சத்தமாகக் கத்தினான். முன்னூறு பேருக்கு முன்னால் அந்தப் படத்தைக் காட்டியாயிற்று, தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று, இனி எந்த முகத்தோடு போய்ச் சொல்லுவது? கதிரவேலு போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் தர்சினி நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

"செயலாளர் மறைச்சவரெண்டு சொல்லு," என்றார் கடைசியில். "என்ரை பேரையே சொல்லு. வேற ஆளைப் போடச் சொல்லு. ஆனா பிள்ளை உந்த ரயரோடை விழுந்தால் அதையும் நீதான் மேடையிலை சொல்ல வேண்டி வரும்."

"உனக்கு இப்ப வாய் வந்திட்டுது," என்று சொல்லி மயூரதன் வைத்துவிட்டான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போன் சும்மா கிடந்தது. வியாழன் மத்தியானம் ஒரு சின்னக் குரல்பதிவு வந்தது. கதிரவேலு அதை இரண்டு தரம் கேட்டுவிட்டு, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் மருதனார்மடத்துக்குப் போனார்.

பாமசியில் சனம் நின்றது. தர்சினி மாத்திரைகளை உறையில் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ரயர் ஒண்டு வருகுது," என்றார். "ஒண்டுதான். புதிசில்லை. தன்ரை சைக்கிளிலை இருந்து கழட்டி ஊருக்கு வாற ஆளிட்டைக் குடுத்துவிட்டிருக்கிறான். கிளைக்குத் தெரியக்கூடாதாம்."

"எத்தினை கிலோமீற்றர் ஓடினதாம்?"

"அது கேக்கேல்லை."

அவள் உறையின் வாயை மடித்தாள். "அந்தாள் எப்ப யாழ்ப்பாணம் வருது?"

"சனிக்கிழமை. நான் போய் வாங்கிக்கொண்டு வாறன்."

"ஞாயிறு ஒட்டினால் பசை காய ஒரு நாள். பிறகு நாலு நாள் ஓடிப் பாக்கலாம்." மனதுக்குள் இன்னும் எதையோ எண்ணினாள். "காணும். பின்னுக்குப் போடுறன்."

"முன் ரயர்?"

"அதையும் பாத்தனான். தேஞ்சிருக்கு, ஆனா வெடிப்பில்லை. கழட்டாமல் ஓடுவன்."

அவர் கண்ணாடி மேசையில் கையை ஊன்றியபடி மின்விசிறிக் காற்றில் நின்றார்.

"தள்ளி நில்லுங்கோ அண்ணை, ஆக்கள் நிக்கினம்," என்ற தர்சினி, அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஐயா, உங்கடை மருந்துத் துண்டைத் தாங்கோ."