சாப்பாடு ஏறினால் இறங்கும் காற்று

வெறுமனே நிறுத்தி வைத்தால் பின் டயரில் காற்று அப்படியே இருந்தது. கேரியரில் சாப்பாட்டு டப்பாக்களைக் கட்டிக்கொண்டு சாரம் பகுதியிலிருந்து கிளம்பினால், மிஷன் வீதி போய்ச் சேர்வதற்குள் பஞ்சர். அந்த வாரத்தில் இது இரண்டாவது முறை. சுமலதாவுக்குக் காரணம் பிடிபடவில்லை.

அவளும் ஜெயமும் ஒரே பிளாஸ்டிக் பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி ஆள் குறைத்தபோது இருவருக்கும் சேர்ந்தே வேலை போனது. இப்போது ஜெயம் சமைக்கிறாள். சுமலதா, தன் மகள் ஓட்டிவிட்டுப் போட்ட பள்ளிக்கூட சைக்கிளில் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறாள். நிலையான வாடிக்கை என்றால் மிஷன் வீதியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் மட்டும்தான். இரண்டு முறையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, பாதிப் பேர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டிருந்தார்கள்.

"திங்கக்கெழமையும் லேட்டானா வேற மெஸ் பாத்துக்கறோம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடை லீவு. திறந்திருந்தாலும் ஒட்டித்தான் தருவார்கள். முதல் முறை கடைக்காரர் டயருக்குள் விரலை ஓட்டிப் பார்த்து, "ஆணி ஒண்ணும் இல்லியே" என்று அனுப்பிவிட்டார். அதனால் சுமலதா, ஜெயத்தின் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டாள். சக்கரத்தைக் கழற்றி, இரண்டு கரண்டிக் காம்புகளால் டயரை நெம்பி, ட்யூபை உருவினாள்.

"எவனோ பொறாமைல ரோட்டுல ஆணி போடுறான்டி" என்றாள் ஜெயம்.

"நம்ம கொழம்பு மேல அவ்ளோ பொறாமையாக்கா? நேத்து அதுல உப்பே இல்ல."

"வாய மூடிக்கினு வேலயப் பாரு."

காற்றடித்த ட்யூபைத் தண்ணீரில் அமுக்கியதும் ஓர் இடத்திலிருந்து குமிழிகள் வந்தன. கடைக்காரர் போட்ட ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி, புது ஓட்டை. சுமலதா ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கா, ரோட்டு ஆணின்னா டயர் பக்கந்தான குத்தணும்? ரெண்டு ஓட்டையும் வால்வு இருக்கற பக்கம் இருக்குது. இது உள்ள இருந்து குத்தியிருக்குது."

"உள்ள யாருடி ஒக்காந்துக்கினு குத்துறா?"

அதைத்தான் அவளும் பார்க்க விரும்பினாள். வால்வை அதன் துளைக்கு நேராக வைத்து, ட்யூபை ரிம்மின் மேல் படுக்கப் போட்டாள். ஓட்டை எந்த இடத்துக்கு நேராக வருகிறதோ அங்கே ரிம்முக்குள் விரல் விட்டாள். சக்கரக் கம்பிகளின் முனைகளை மூடியிருக்க வேண்டிய ரப்பர் நாடா அங்கே மக்கி, விட்டுப்போயிருந்தது. ஆனால் விரலில் எதுவும் குத்தவில்லை.

"பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்றாள் ஜெயம்.

சுமலதா வெளிப்பக்கம் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எல்லாம் டிங் என்றன. ஒன்று மட்டும் லொட லொட என்றது. அதை ரிம்மை நோக்கித் தள்ளினாள். ரிம்முக்குள் ஓர் அரிசி நீளத்துக்குக் கூரான முனை எட்டிப் பார்த்தது. கையை எடுத்ததும் உள்ளே போய்விட்டது.

"அடிப்பாவி!" ஜெயம் தானே இன்னொரு தரம் தள்ளிப் பார்த்தாள். "அப்ப சும்மா நிக்கும்போது ஏன் குத்தல?"

"பாரம் இல்லியே. டப்பா ஏறுனா ரிம் அமுங்குது. கம்பி லூஸா இருக்கறதால அடியில வர்றப்பல்லாம் மேல ஏறுது. ஒரு சுத்துக்கு ஒரு குத்து."

"மிஷன் வீதி போறதுக்குள்ள எத்தினி சுத்து!"

அன்று சாயங்காலம் இருவரும் பக்கத்து வீட்டிலிருந்து குறடும் அரமும் பஞ்சர் ஒட்டும் பசையும் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை டப்பாக்கள் சூடு ஆறாமல் போய்ச் சேர்ந்தன. மேனேஜர் வேறு மெஸ் பேச்சையே எடுக்கவில்லை. இறக்கி வைத்த பிறகு சுமலதா பின் டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

அவர்கள் செய்தது இவ்வளவுதான்: புது ஓட்டையை ஒட்டினார்கள், லூஸான கம்பியைக் குறடால் முறுக்கி இறுக்கினார்கள், அதன் முனையை அரத்தால் மழுங்கத் தேய்த்தார்கள், பழைய ட்யூப் ஒன்றைப் பட்டையாக வெட்டி ரிம் முழுக்கச் சுற்றி, எல்லாக் கம்பி முனைகளையும் மூடினார்கள்.